61,200 ரூபாய் எங்கே போனது? மருத்துவமனை பில்லும் பாலிசியின் சொற்களும்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு தாளை நீட்டுவார்கள். மொத்த பில் 1,98,000 ரூபாய். கம்பெனி ஒப்புக்கொண்டது 1,36,800. மீதி 61,200-ஐக் கட்டிவிட்டு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். பாலிசியோ 5 லட்சத்துக்கு எடுத்தது. பில் 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அப்புறம் ஏன் 61,200 என்று கேட்டால், "ரூம் எலிஜிபிலிட்டி சார், நான்-பேயபிள், கோ-பே" என்று மூன்று சொல்லில் பதில் வரும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், நோயாளி வீல்சேரில் காத்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் கார்டைத் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த மூன்று சொல்லுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. எது நியாயமாகக் கழிந்தது, எதைத் திருப்பிக் கேட்கலாம், எதை அட்மிஷன் அன்றே தவிர்த்திருக்கலாம் என்பது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கீழே உள்ள பில் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டது. வரம்புகள் மட்டும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் உள்ளவை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த பாலிசி அது. பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாசகம் மாறாது. அதனால் விளக்கத்துக்கு வசதி.

முதலில் அறை வாடகை. ஆரோக்கிய சஞ்சீவனியில் அறை வாடகை வரம்பு, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஐசியூவுக்கு 5 சதவீதம், உச்சம் 10,000. 5 லட்சம் பாலிசி வைத்திருப்பவர் 2 சதவீதத்தை மனக்கணக்காகப் போட்டு 10,000 ரூபாய் அறை வரை போகலாம் என்று நினைத்துக்கொள்வார். அது தப்பு. அவருக்கு 5,000தான். 2 லட்சம் பாலிசிக்காரருக்கு 4,000. பாலிசியில் "இரண்டில் எது குறைவோ அது" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு விழும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வரம்பு அறைக்கு மட்டும் அல்ல. அறை, உணவு, நர்சிங் மூன்றும் சேர்த்து 5,000. மருத்துவமனை பில்லில் அறை 4,500 என்றும் நர்சிங் சார்ஜ் 900 என்றும் தனித்தனியாகப் போடுவார்கள். அறை 5,000-க்குள்தானே என்று நீங்கள் நினைத்திருக்க, இரண்டையும் கூட்டி 5,400 என்று எடுத்துக்கொண்டு வரம்பு தாண்டிவிட்டது என்பார்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் "ரூம் ரென்ட் எவ்வளவு" என்று கேட்டால் போதாது. "நர்சிங் சேர்த்து நாளுக்கு எவ்வளவு ஆகும்" என்று கேளுங்கள்.

சரி, வரம்பு 5,000, எடுத்த அறை 8,000. நாலு நாள் இருந்தால் நாளுக்கு 3,000 வீதம் 12,000 நம் தலையில், அவ்வளவுதானே? இல்லை. இங்கேதான் ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன் வருகிறது, தமிழில் சொன்னால் விகிதாசாரக் கழிப்பு. வரம்பை அறையின் உண்மையான வாடகையால் வகுக்கிறார்கள். 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். அறையோடு சேர்ந்து ஏறி இறங்கும் மற்றச் செலவுகளுக்கும் அந்த 62.5 சதவீதம்தான் கிடைக்கும்.

நம் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். அறை, நர்சிங் நாலு நாளுக்கு 32,000. சர்ஜன், அனஸ்தீஷியா, ஆபரேஷன் தியேட்டர், டாக்டர் விசிட் எல்லாம் சேர்த்து 96,000. மருந்தும் கன்ஸ்யூமபிள்ஸும் (சிகிச்சையில் பயன்படுத்தித் தீரும் பொருட்கள்) 34,000. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் 18,000. ஹெர்னியா ஆபரேஷனில் உள்ளே வைத்த மெஷ், அதாவது வலை, 12,000. பாலிசியில் சேராத சில்லறைப் பொருட்கள் 6,000. மொத்தம் 1,98,000.

இதில் அறைக்கு 20,000 கிடைக்கும். 96,000-க்கு 62.5 சதவீதம் என்றால் 60,000. மருந்து, பரிசோதனை, மெஷ் மூன்றும் முழுதாக, அதாவது 64,000. சில்லறைக்கு ஒன்றும் இல்லை. ஆக அனுமதிக்கத்தக்க தொகை 1,44,000. இதில் 5 சதவீதம் கோ-பே, அதாவது அனுமதித்த தொகையில் நாம் ஏற்கவேண்டிய பங்கு, 7,200. கையில் வருவது 1,36,800. நம் பையிலிருந்து போகும் 61,200-இல் அறை வித்தியாசம் 12,000, சில்லறை 6,000, கோ-பே 7,200. மீதி 36,000 முழுக்க முழுக்க விகிதாசாரக் கழிப்பு. டெஸ்க்கில் "ரூம் எலிஜிபிலிட்டி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போன சொல்லுக்குள் 48,000 ரூபாய் இருக்கிறது.

இதே நோயாளி, இதே அறுவை சிகிச்சை, 5,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால்? அறை 20,000. அறை வகைக்கு ஏற்பக் கட்டணம் வைக்கும் மருத்துவமனை என்றால் சர்ஜன், தியேட்டர் கட்டணமும் இறங்கும். அதே விகிதத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 60,000. மருந்து, பரிசோதனை, மெஷ் 64,000, சில்லறை 6,000. மொத்த பில் 1,50,000. கம்பெனி தருவது அதே 1,36,800. நீங்கள் கட்டுவது 13,200. இரண்டு பில்லிலும் கம்பெனி கொடுப்பதில் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 8,000 ரூபாய் அறைக்கு ஆன 48,000-மும் முழுசாக நம்முடையது. இதில் ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை. ஐசியூ அல்லாத அறை நாளுக்கு 5,000-ஐத் தாண்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 8,000 அறைக்கு நாளுக்கு 400 ரூபாய் அதுவும் கூடும்.

இந்த வெட்டுக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். பலருக்கும் தெரியாத, ஆனால் பணம் மீட்டுத் தரக்கூடிய இடம் இது. 2020 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட வழிகாட்டுதல்படி, விகிதாசாரக் கழிப்பு "அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்" என்று பாலிசி வரையறுக்கும் செலவுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அந்த வரையறைக்குள் மருந்துக் கடை பில், கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், மருத்துவச் சாதனங்கள், பரிசோதனைச் செலவு ஆகியவற்றைக் கொண்டுவரக் கூடாது. ஐசியூ கட்டணத்துக்கும் இந்தக் கழிப்பு கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொரு வரி: அறை வகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் இந்தக் கழிப்பே கூடாது. ஒரு குறிப்பிட்ட கட்டணம் மட்டும் எல்லா அறைக்கும் ஒன்றுதான் என்றால் அந்தக் கட்டணத்துக்கும் கூடாது.

சின்ன ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் ஜெனரல் வார்டில் படுத்தாலும் ஏசி அறையில் படுத்தாலும் ஆபரேஷன் கட்டணம் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் கழித்திருந்தால் அது தவறு. மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் இரண்டே வரி எழுதி வாங்குங்கள்: "எங்கள் மருத்துவமனையில் சர்ஜன், அனஸ்தீஷியா, தியேட்டர் கட்டணங்கள் அறை வகையைப் பொறுத்து மாறுவதில்லை." சீலும் கையெழுத்தும் வேண்டும். கட்டண அட்டையின் நகலும் கூட இருந்தால் இன்னும் நல்லது. நம் உதாரணத்தில் அந்த இரண்டு வரியின் மதிப்பு, கோ-பே போக, 34,200 ரூபாய்.

பேக்கேஜ் பில்லில் இது சிக்கலாகும். "ஹெர்னியா பேக்கேஜ் 1,50,000" என்று ஒரே வரியில் போட்டுவிட்டால் அதற்குள் மருந்து எவ்வளவு, மெஷ் எவ்வளவு, ஸ்கேன் எவ்வளவு என்று கம்பெனிக்குத் தெரியாது. பேக்கேஜ் மொத்தத்துக்கும் 62.5 சதவீதம் போட்டு முடித்துவிடுவார்கள். பேக்கேஜ் ஆனாலும் பிரேக்-அப் பில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டால் பில்லிங்கில் அன்றே எடுத்துத் தருவார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அலையவேண்டியிருக்கும்.

கடை, குடோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த விகிதக் கணக்கு புதிதாக இருக்காது. தீ விபத்துப் பாலிசியில் வரும் ஆவரேஜ் விதி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. குடோனில் 40 லட்சம் சரக்கு, பாலிசி 30 லட்சத்துக்கு, எரிந்தது 8 லட்சம் என்றால் 30 லட்சத்துக்குள்தானே இருக்கிறது என்று 8 லட்சம் தரமாட்டார்கள். முக்கால் பங்குதான் காப்பீடு, அதனால் இழப்பிலும் முக்கால் பங்கு, 6 லட்சம். சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள். இங்கே குறைவு 25 சதவீதம் என்பதால் வெட்டு விழுகிறது. ஸ்டாக் ஏறும் சீசனுக்கு முன் பாலிசித் தொகையை ஏற்றிக்கொள்வது எவ்வளவு அவசியமோ, அட்மிஷனுக்கு முன் அறை வரம்பைப் பார்ப்பதும் அவ்வளவு அவசியம்.

அடுத்தது நான்-பேயபிள், கம்பெனி பணம் தராதவை. பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நான்கு பட்டியல்கள் இருக்கும். நான்கையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. முதல் பட்டியலில் 68 பொருட்கள். கையுறை, மாஸ்க், டயாபர், கிரேப் பேண்டேஜ், தெர்மாமீட்டர், நெபுலைசர் கிட், இடுப்பு பெல்ட், வாக்கர், அட்டெண்டர் கட்டணம், லாண்டரி, ஜெராக்ஸ், மெடிக்கல் ரெக்கார்ட் நகல் போன்றவை. இவை நம் செலவு. கன்ஸ்யூமபிள்ஸ் கவர் என்று தனியாக ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் கவர்) எடுத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி கிடைக்கும்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பட்டியல்கள் வேறு ரகம். இரண்டாவதில் உள்ளவை அறை வாடகைக்குள்ளேயே அடங்கவேண்டியவை. ஃபைல் ஓப்பனிங் சார்ஜ், ஹவுஸ் கீப்பிங், ஏசி கட்டணம், டிஸ்சார்ஜ் ப்ரொசீஜர் சார்ஜ், நோயாளியின் கையில் கட்டும் பட்டை, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், இதர செலவுகள் எல்லாம் இதில் வரும். மூன்றாவதில் உள்ளவை அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கவேண்டியவை: சர்ஜிக்கல் பிளேடு, பஞ்சு, காஸ், டேப், ஹார்மானிக் ஸ்கால்பெல், தியேட்டர் புக்கிங் கட்டணம். நான்காவதில் உள்ளவை சிகிச்சைச் செலவுக்குள் அடங்கவேண்டியவை: ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், டயட்டீஷியன் கட்டணம், யூரின் பேக், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், இன்ஃப்யூஷன் பம்ப். இவற்றைத் தனி வரியாகப் போட்டால் கம்பெனி தராது, அது சரிதான். ஆனால் தனி வரியாகப் போட்டதே கேட்கவேண்டிய விஷயம். பில்லிங் மேலாளரிடம் பட்டியலைக் காட்டி, "இது ரூம் ரென்ட்டில் அடங்கவேண்டியது, எடுத்துவிடுங்கள்" என்று கேளுங்கள். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் மருத்துவமனைகளுக்கு இந்தப் பட்டியல்கள் நன்றாகவே தெரியும்.

முதல் பட்டியலில் "விவரம் இல்லாத எந்தக் கிட்டும்" என்று ஒரு வரி வரும். பார்மசி பில்லில் "சர்ஜரி கிட் 4,200" என்று மொட்டையாக இருந்தால் அது முழுதும் போய்விடும். அதே கிட்டுக்குள் தையல் நூல், கத்தீட்டர், சிரிஞ்ச் இருந்திருக்கலாம், அவை கிடைக்கவேண்டியவை. கிட் என்ற சொல்லைப் பார்த்தாலே உள்ளே என்னென்ன என்று விலையோடு பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

கோ-பே, டிடக்டிபிள், சப்-லிமிட் மூன்றும் செலவில் நம் பங்கைக் குறிப்பவைதான். ஆனால் கணக்குப் போடும் இடம் வேறு. கோ-பே என்பது அனுமதித்த தொகையில் ஒரு சதவீதம், ஒவ்வொரு கிளெய்மிலும் வரும். பெரியவர்கள் பாலிசியில் 20, 30 சதவீதம்கூட இருக்கும். பிரீமியம் குறைவாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். சப்-லிமிட் என்பது குறிப்பிட்ட சிகிச்சைக்கு வைக்கும் உச்சம். ஆரோக்கிய சஞ்சீவனியில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 அல்லது காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம், எது குறைவோ அது. 1 லட்சம் பாலிசிக்காரருக்கு 25,000தான். வெளிநாட்டு லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்த்துவிடவேண்டும்.

டிடக்டிபிள் என்பது நாம் முதலில் தாங்கவேண்டிய தொகை. அதற்கு மேல்தான் கம்பெனி வரும். டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்று இரண்டு வகை விற்கிறார்கள். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல், ஆனால் கணக்கு தலைகீழ். டிடக்டிபிள் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருடத்தில் முதலில் 4 லட்சம் பில், பிறகு 3 லட்சம் பில். டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் வருடம் முழுக்கக் கூட்டிப் பார்க்கும். 7 லட்சம் ஆகிவிட்டது, 2 லட்சம் தரும். டயாலிசிஸ், கீமோதெரபி போல அடிக்கடி போய் வரவேண்டிய சிகிச்சைக்கு வெறும் டாப்-அப் எந்த உதவியும் செய்யாது. ஏஜென்ட் பேசும்போது "அக்ரிகேட் டிடக்டிபிளா?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை பாலிசித் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

பில்லைக் குறைக்கும் இன்னொரு சொற்றொடர் "ரீசனபிள் அண்ட் கஸ்டமரி சார்ஜஸ்", நியாயமான வழக்கமான கட்டணம். "சர்ஜன் கட்டணம் அதிகம், 40,000 மட்டும் அனுமதி" என்று எழுதிவிடுவார்கள். வரையறையைப் படியுங்கள். அந்தக் குறிப்பிட்ட மருத்துவமனையின் வழக்கமான கட்டணமாக இருக்கவேண்டும், அதே பகுதியில் அதே மாதிரி சிகிச்சைக்கு நிலவும் கட்டணத்தோடு ஒத்துப்போகவேண்டும், நோயின் தன்மையையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆக, கம்பெனி வேறு ஊர்க் கட்டணத்தை வைத்து வெட்ட முடியாது. மருத்துவமனையின் கட்டண அட்டை, அதே பகுதியில் இன்னும் இரண்டு மருத்துவமனைகளின் எஸ்டிமேட், நோய் சிக்கலாக இருந்தது என்றால் டாக்டரின் கடிதம் ஆகிய மூன்றையும் வைத்து, எந்த மருத்துவமனைகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது நெட்வொர்க் மருத்துவமனையின் ஒப்பந்தத் தள்ளுபடி. கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் முறை) அப்ரூவல் கடிதத்தில் "ஹாஸ்பிடல் டிஸ்கவுண்ட்" அல்லது "டாரிஃப் டிடக்‌ஷன்" என்று ஒரு வரி இருக்கும். அது கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலானது. நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். டெஸ்க்கில் சொல்லும் மொத்தத்தை அப்படியே கட்டாமல், கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தேடுங்கள்.

மருத்துவமனைக்கு உள்ளே ஆன செலவோடு கணக்கு முடிவதில்லை. அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான செலவையும் ஆரோக்கிய சஞ்சீவனி தருகிறது. பல பாலிசிகளில் இது இன்னும் அதிகம். அதே நோய்க்கான செலவாக இருக்கவேண்டும், உள்நோயாளி கிளெய்ம் ஏற்கப்பட்டிருக்கவேண்டும், இந்த இரண்டும்தான் நிபந்தனை. கேஷ்லெஸ் முடிந்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து, முன்னால் எடுத்த ஸ்கேன், பின்னால் வாங்கிய மாத்திரை பில்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் இது பத்தாயிரக்கணக்கில் இருக்கும். மருந்து பில்லோடு டாக்டர் சீட்டு, பரிசோதனை பில்லோடு ரிப்போர்ட் என்று ஜோடி ஜோடியாகப் பின் போட்டு வையுங்கள். சீட்டு இல்லாத பில் நிற்காது. நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கும் உள்நோயாளி ரீஇம்பர்ஸ்மென்ட் ஆவணங்களை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள்ளும், பின்செலவு ஆவணங்களை அந்தச் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள்ளும் கொடுக்கவேண்டும். காலம் தாண்டியதற்குத் தக்க காரணம் இருந்தால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து நிராகரிக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சொல்லியிருக்கிறது. காரணத்தை எழுதி இணைத்துக் கொடுங்கள்.

ரீஇம்பர்ஸ்மென்ட் கோப்பில் பெரும்பாலும் விட்டுப்போவது சில தாள்கள்தான். பணம் கட்டிய ரசீது (ஃபைனல் பில் ரசீது ஆகாது), ஸ்டென்ட், லென்ஸ், மெஷ் போன்றவற்றின் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும், நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை என்றால் அதன் பதிவுச் சான்று நகல், விபத்து என்றால் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்கும் மருத்துவமனைப் பதிவு) அல்லது எஃப்.ஐ.ஆர். நகல், 1 லட்சத்துக்கு மேல் என்றால் கே.ஒய்.சி. ஒரிஜினல்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். இரண்டு பாலிசி இருந்தால் எதில் முதலில் கேட்பது என்று முடிவு செய்வது உங்கள் உரிமை. முதல் கம்பெனியின் செட்டில்மென்ட் கடிதமும் சான்றளித்த நகல்களும் இருந்தால் மீதியை இரண்டாவதில் கேட்கலாம்.

இந்த இடத்தில் இன்டெம்னிட்டி, பெனிஃபிட் என்ற இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்க்கவேண்டும். இன்டெம்னிட்டி பாலிசி ஆன செலவைத்தான் ஈடுகட்டும். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் முழுதாக வாங்க முடியாது. ஹாஸ்பிடல் கேஷ், கிரிட்டிக்கல் இல்னெஸ் போன்றவை பெனிஃபிட் வகை. செலவு எவ்வளவு ஆனாலும் சொன்ன தொகையைத் தரும், அதோடு மெடிக்ளெய்மையும் வாங்கலாம்.

முழு கிளெய்மும் விழுந்துபோகும் இடங்களும் உண்டு. தொடர்ச்சியாக 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்கவேண்டும். கண்புரை, டயாலிசிஸ் போன்ற, ஒரு நாளுக்குள் முடியும் டே-கேர் சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. அட்மிஷன் நேரம், டிஸ்சார்ஜ் நேரம் இரண்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்திருந்தால் எக்ஸ்கிளூஷன் 04 என்ற குறியீட்டோடு நிராகரிப்பு வரும். நெஞ்சு வலி என்று சேர்ந்து, ஐந்து டெஸ்ட் எடுத்து, எல்லாம் நார்மல் என்று அனுப்பினால் இதில் சிக்கும். உண்மையில் டிரிப், ஊசி, கண்காணிப்பு எல்லாம் நடந்திருக்கும், ஆனால் சம்மரியில் டெஸ்ட் முடிவுகள் மட்டும் இருக்கும். கொடுத்த சிகிச்சை ஒவ்வொன்றும் சம்மரியில் ஏறவேண்டும், சேர்க்கவேண்டிய அவசியம் என்ன என்பதையும் டாக்டர் எழுதவேண்டும். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, "நோயை மறைத்தீர்கள்" என்று கிளெய்மைக் கேள்வி கேட்க முடியாது. இவை இரண்டும் 2024 ஏப்ரலில் மாறியவை. பழைய 48 மாதம், 8 வருடம் என்ற கணக்கை இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கேஷ்லெஸ் நேரக் கெடுவும் 2024-இல் வந்ததுதான். மே 29-ஆம் தேதி மாஸ்டர் சர்க்குலர்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி, மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள். அதற்கு மேல் இழுத்து, அதனால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அது கம்பெனியின் பொறுப்பு. ஃபைனல் பில் எத்தனை மணிக்கு டி.பி.ஏ.வுக்கு (கம்பெனிக்காகக் கிளெய்மைக் கையாளும் நிறுவனம்) அனுப்பினார்கள் என்று டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் தாமதம் கம்பெனியில் இல்லை, பில்லே மதியம் வரை அனுப்பப்படாமல் கிடக்கும்.

கணக்கில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் செட்டில்மென்ட் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். கழித்த ஒவ்வொரு தொகைக்கும் பாலிசியின் எந்த விதிப்படி என்று அதில் இருக்கவேண்டும். பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. நேரில் போகத் தேவையில்லை, ஆன்லைனில் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் போகலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார். அதனால் வரிசை முக்கியம்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கால வரம்பு இரண்டு வருடம். அங்கே மனு எழுதும்போது மறுக்கப்பட்ட கிளெய்ம் தொகை, அதற்கான வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று நான்கையும் தனித்தனித் தலைப்பாகக் கேட்கவேண்டும். கேட்காத தலைப்பில் பொதுவாகக் கிடைக்காது. சேவைக் குறைபாட்டுக்கு ஒரு மொத்தத் தொகை என்று போட்டுவிட்டு, வழக்குச் செலவை விட்டுவிடும் மனுக்கள் நிறைய.

எந்த இடத்துக்குப் போனாலும் புகாரோடு ஒரு பக்கக் கணக்குத் தாள் இருக்கட்டும். நாலு நெடுவரிசை போதும்: பில்லில் உள்ள வரி, கம்பெனி தந்தது, தந்திருக்கவேண்டியது, எந்த விதிப்படி. நம் உதாரணத்தில், கட்டணம் அறை வகைப்படி மாறாத மருத்துவமனை என்றால் அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் வரும். சர்ஜன், தியேட்டர் 96,000, தந்தது 60,000, தந்திருக்கவேண்டியது 96,000, கோ-பே போக நிலுவை 34,200. பின்னிணைப்பாக அந்த இரண்டு வரி லெட்டர்ஹெட் கடிதம்.